கிளிக் செய்தால் ‘கான்டாக்ட்’: ஹாம் ரேடியோ போட்டியில் மனிதருக்கு என்ன வேலை?

ஒவ்வொரு ஆண்டும் அக்டோபரின் கடைசி முழு வார இறுதியில், இந்திய நேரப்படி சனிக்கிழமை அதிகாலை 5.30 மணிக்கு, ஷார்ட்வேவ் அலைவரிசைகள் திடீரென்று சந்தைக்கடை ஆகிவிடும். உலகெங்கும் உரிமம் பெற்ற ஹாம் ரேடியோ ஆர்வலர்கள் ஒரே நேரத்தில் மைக்கைப் பிடிப்பார்கள். ‘சிக்யூ வேர்ல்டு வைடு’ என்ற இந்தப் போட்டி 1948-ல் தொடங்கியது. திங்கள்கிழமை அதிகாலை 5.30 வரை, மொத்தம் 48 மணி நேரம். குரலில் பேசுபவர்களுக்கு அக்டோபர். மோர்ஸ் குறியீட்டில் அனுப்புபவர்களுக்கு நவம்பர்.

விளையாட்டு எளிமையானது. எதிரே இருப்பவரின் கால் சைனைச் சரியாகக் கேட்டு எழுத வேண்டும். பிறகு சிக்னல் தரத்தையும், தான் இருக்கும் மண்டல எண்ணையும் சொல்ல வேண்டும். உலகம் 40 மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. இந்தியா இருப்பது 22-ல். ஆகவே இங்கிருந்து பேசுபவர் இரண்டு நாளும் திரும்பத் திரும்பச் சொல்வது ‘ஃபைவ் நைன், டூ டூ’. அவ்வளவுதான். ஊர், பேர், சாப்பிட்டாச்சா எதுவும் கிடையாது.

வேறு கண்டத்தில் இருப்பவரைப் பிடித்தால் 3 புள்ளி. அந்தப் புள்ளிகளின் கூட்டுத்தொகையை, பிடித்த நாடுகள், மண்டலங்களின் எண்ணிக்கையால் பெருக்குவார்கள். அதனால்தான் காதைக் கிழிக்கும் பத்து ஐரோப்பிய சிக்னல்களைவிட, இரைச்சலுக்கு அடியில் முனகும் ஒரு பசிபிக் தீவு பெரிய வேட்டையாகிறது. அந்த முனகலைத் தேடிக் கண்டுபிடிப்பதில்தான் இதன் கிக். இன்று அந்தத் தேடலையே கணினி செய்துவிடுகிறது. “அப்புறம் இதுல மனுஷனுக்கு என்ன வேலை?” என்ற கேள்வி ஹாம்களிடையே ஓயாமல் ஓடுவதற்குக் காரணம் அதுதான்.

கணினி நுழைந்ததே தப்பு என்று சொல்லிவிட முடியாது. ஒரு காலத்தில் எல்லாம் காகிதம், பென்சில். ஒரே நிலையத்தை ஒரே பேண்டில் இரண்டு முறை பிடித்தால் புள்ளி கிடையாது என்பதால், ஏற்கெனவே பேசியவர்களின் பட்டியலைக் கட்டம் போட்ட தாளில் எழுதி, ஒவ்வொரு அழைப்புக்கும் விரலால் தேடுவார்கள். 1980-களில் வந்த லாக் மென்பொருள்கள் அந்தக் குமாஸ்தா வேலையை எடுத்துக்கொண்டன. தொண்டை கட்டிப்போகாமல் இருக்க, பதிவுசெய்த குரலில் அழைப்பு விடும் வசதியும் வந்தது. காகிதப் பட்டியலுக்காக இன்று ஏங்குபவர்கள் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

சிக்கல் தொடங்குவது அடுத்த படியில். ‘இந்த அலைவரிசையில் இன்னார் இருக்கிறார்’ என்று ஒருவர் மற்றவர்களுக்குத் தகவல் போடும் டிஎக்ஸ் கிளஸ்டர் முதலில் வந்தது. அதிலாவது யாரோ ஒரு மனிதர் காதால் கேட்டிருந்தார். 2008-ல் வெளியான சிடபிள்யூ ஸ்கிம்மர் என்ற மென்பொருள் அதையும் மாற்றியது. ரிசீவருக்கு எட்டும் அத்தனை மோர்ஸ் சிக்னல்களையும் ஒரே நேரத்தில் படித்து, கால் சைன்களைத் திரையில் வரிசையாகக் கொட்டிவிடும். கிளிக் செய்தால் ரேடியோ அங்கே தாவும். இன்னொரு பொத்தானை அழுத்தினால் அழைப்பு போகும்.

இதனால் ஆட்டம் எளிதானது என்று நினைத்தால், பாதிதான் உண்மை. ஓர் அரிய நிலையத்தின் பெயர் திரையில் வந்த அடுத்த நொடி நூற்றுக்கணக்கானவர்கள் அச்சுப் பிசகாமல் அதே அலைவரிசையில் வந்து விழுகிறார்கள். முன்பெல்லாம் கையால் ட்யூன் செய்து வந்தவர்கள் கொஞ்சம் முன்னே பின்னே இருப்பார்கள். எதிர்முனையில் இருப்பவரால் சுருதி வித்தியாசத்தை வைத்தே பிரித்துக் கேட்க முடியும். இப்போது எல்லாம் ஒன்றாகக் குழைந்து ஒரே ‘ஙொய்’. போதாததற்கு, கணினி ஓர் எழுத்தைத் தவறாகப் படித்துவிட்டால், தானே கேட்டுச் சரிபார்க்காமல் கிளிக் செய்த அத்தனை பேரின் லாகிலும் அதே தவறு ஏறும். பிறகு லாக்குகளை ஒப்பிட்டுப் பார்க்கும்போது அந்தப் புள்ளியும் போய், அபராதமும் விழும்.

2017-ல் வந்த எஃப்டி8 இன்னும் ஒரு படி மேலே போனது. இதை உருவாக்கிய இருவரில் ஒருவர் ஜோ டெய்லர், 1993-ல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். 15 விநாடிக்கு ஒரு முறை சிறு செய்திகள் மாறி மாறிப் போகும். மனிதக் காதுக்கு எட்டவே எட்டாத சிக்னலையும் கணினி படித்துவிடும். இங்கே ஒரு நியாயத்தைச் சொல்லியாக வேண்டும். அபார்ட்மென்ட் பால்கனியில் ஒரு கம்பியைத் தொங்கவிட்டு, சுற்றியுள்ள எல்இடி விளக்குகளும் சார்ஜர்களும் கொட்டும் இரைச்சலோடு மல்லுக்கட்டும் நகரத்து ஹாமுக்கு எஃப்டி8 ஒரு வரம். காது மந்தமான பெரியவர்களுக்கும்தான். ‘இதெல்லாம் ரேடியோவே இல்லை’ என்று பெரிய ஆன்டெனா வைத்திருப்பவர் கேலி செய்வது அழகல்ல.

ஆனால் அந்த மென்பொருளை உருவாக்கியவர்களே, ஒவ்வொரு தொடர்புக்கும் மனிதர் ஒரு முறையாவது கை வைக்க வேண்டும் என்றுதான் அதை வடிவமைத்தார்கள். அதன் மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருந்ததால், அந்தக் கட்டுப்பாட்டை நீக்கிய பதிப்புகளும் வந்துவிட்டன. ஆள் தூங்கலாம்; லாக் நிரம்பிக்கொண்டே இருக்கும். இரண்டு கணினிகள் கைகுலுக்கிக்கொண்டதற்குச் சான்றிதழ் யாருக்கு? அமெரிக்காவின் ஏஆர்ஆர்எல் அமைப்பு தன் டிஎக்ஸ்சிசி விருது விதியிலேயே, ஒவ்வொரு தொடர்பையும் இரு முனையிலும் ஆபரேட்டர்கள் நேரடியாகத் தொடங்கியிருக்க வேண்டும் என்று எழுதிவைக்க வேண்டி வந்தது.

கோடு போட வேண்டிய இடம் காதுதான். எழுதுவது, எண்ணுவது, ஒரே வாக்கியத்தை ஆயிரம் முறை சொல்வது ஆகியவற்றைக் கணினியிடம் கொடுப்பதில் நஷ்டமில்லை. எந்த பேண்டுக்கு எப்போது மாறுவது, எப்போது கூவி அழைப்பது, எப்போது தேடிப் போவது, இரண்டாம் இரவில் எத்தனை நிமிடம் கண்ணயர்வது என்ற முடிவுகள் இன்னும் ஆபரேட்டர் கையில்தான் இருக்கின்றன. கேட்பதையும் கொடுத்துவிட்டால், மிச்சமிருப்பது திரையில் வரும் பெயர்களைத் துரத்தும் மவுஸ் பயிற்சி.

கேட்கப் பழகிய காதுக்கு வேறு உபயோகமும் உண்டு. 2004 டிசம்பரில், பல ஆண்டுகளாக ஹாம் அலைவரிசையில் ஒலிக்காத அந்தமானிலிருந்து ஒலிபரப்ப பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு போர்ட் பிளேர் போயிருந்தது. உலகமே அவர்களை அழைத்துக்கொண்டிருந்தபோது 26-ம் தேதி சுனாமி வந்தது. பொழுதுபோக்கை அப்படியே நிறுத்திவிட்டு, அதே ரேடியோக்களில் தீவுகளுக்கும் நிலப்பகுதிக்கும் இடையே செய்திகளைக் கடத்தினார்கள். இரைச்சலுக்குள் ஒரு பெயரையும் எண்ணையும் பிசகாமல் பிடிக்கத் தெரிந்திருந்தது அங்கே கைகொடுத்தது.

போட்டி அமைப்பாளர்களும் சும்மா இருக்கவில்லை. கிளஸ்டர், ஸ்கிம்மர் உதவி பெறுபவர்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. ‘கிளாசிக்’ என்றொரு பிரிவும் உண்டு: ஒரே ரேடியோ, தேடித் தரும் உதவி எதுவும் கூடாது, 48-ல் 24 மணி நேரம் மட்டும். வேலைக்குப் போகிறவர்களுக்குத் தோதானதும் இதுதான். உதவி இல்லாத பிரிவில் பெயர் கொடுத்துவிட்டுக் கமுக்கமாகத் திரையைப் பார்ப்பவர்களைப் பிடிக்க, அவர்களின் லாகையும் கிளஸ்டரில் தகவல் வந்த நேரத்தையும் நிமிடத்துக்கு நிமிடம் ஒப்பிடுகிறார்கள். முதல் இடங்களைக் குறிவைக்கும் தனிநபர்கள் போட்டி முழுவதையும் ஒலிப்பதிவு செய்து வைத்திருக்க வேண்டும். சந்தேகம் வந்தால், நடுவர்கள் அந்த ஒலிப்பதிவைக் கேட்டு வாங்குவார்கள்.