வகுப்பறைச் சேதி வீட்டுக்கு வரட்டும்

பள்ளிக் கூட்டம் பகல் 11 மணிக்கு என்று சீட்டு வருகிறது. அந்நேரம் ஆலைத் தொழிலாளி ஷிப்டில் நிற்கிறார். விவசாயத் தொழிலாளி நடவில் குனிந்திருக்கிறார். போனால் அரை நாள் கூலி போச்சு. போகாவிட்டால், "பெற்றோருக்கு அக்கறையில்லை" என்ற பழி!

2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளி நிர்வாகக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். சட்டம் கொடுத்த இடத்தைக் கடிகாரம் பறிக்கிறது.

ஐந்து வகுப்பையும் ஒருவராகக் கட்டி மேய்க்கும் ஆசிரியரை நாம் குறை கூறவில்லை. அவரும் உழைப்பாளியே. கூட்டத்தை மாலையில் வையுங்கள் என்கிறோம். மார்க்கை மட்டும் வாசிக்காதீர்கள்; பிள்ளை எழுத்துக் கூட்டிப் படிக்கிறதா, யாரோடு உட்காருகிறது, எதற்கு அழுகிறது என்று வாயால் சொல்லுங்கள். கையெழுத்துப் போடத் தெரியாத தாய்க்கும் அது விளங்கும்.

தோழர்கள் சேர்ந்து சென்று இக்கோரிக்கையைத் தலைமையாசிரியரிடம் கொடுக்க வேண்டும்.