சலவைக்கூடத்து அச்சு

1943-ல் கலிபோர்னியாவின் ஓரோவில் பட்டணத்தில் பிரெட் ஹண்டிங்டன் என்பவர், தந்தையின் சலவைக்கூடத்துப் பின்கட்டில் தோட்டா அச்சுக்கள் கடைய ஆரம்பித்தார். சுட்ட பித்தளைக் கூட்டை எறியாமல் வீட்டிலேயே மறுபடி நிரப்பிக்கொள்ளும் அமெரிக்கர் இன்றும் பலர். ஊறுகாய் ஜாடியைப் பேணும் நம் பாட்டிமாரை நினைத்துக்கொண்டோம்!

கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு மூன்று அச்சுக்கள் வழக்கம். முதலாவது, வெடித்து விரிந்த கூட்டைப் பழைய அளவுக்கு இறுக்கி, எரிந்த கேப்பை வெளியே தள்ளுகிறது. அடுத்தது வாயைச் சற்றே மலர்த்துகிறது. மூன்றாவது குண்டை அமர்த்தி வாயை இறுக்குகிறது. எஃகு அச்சானால் கூட்டுக்கு எண்ணெய் பூசவேண்டும், மறந்தால் சிக்கிக்கொள்ளும். கார்பைடு வளையத்துக்கு அத் தொல்லையில்லை. விலை கூடினாலும் அதையே வாங்குக என்போம். ஆனால் அது நொறுங்கும் பொருள். கூடு தாங்கியில் மோதாதபடி மயிரிழை இடைவெளி விட்டே பொருத்தவேண்டும்.

வாயை இறுக்குவதில்தான் சூட்சுமம். 38 ஸ்பெஷல் கூட்டுக்கு அடியில் விளிம்புண்டு. வாயை உள்ளே சுருட்டலாம். 9 மில்லிமீட்டர் தோட்டாவோ வாய் விளிம்பினாலேயே அறையில் தங்குவது. சுருட்டினால் நிலை தவறும். குண்டு அளவுக்கு மிஞ்சி ஆழமாக இறங்கினாலோ அழுத்தம் ஏறித் துப்பாக்கி வெடிக்கலாம்; விரல்களும் போகலாம். ஆகவே, மருந்தும் கேப்பும் இல்லாத வெறுந்தோட்டா ஒன்றை முதலில் செய்து, அளந்து, குழலில் இட்டுப் பார்த்த பிறகே அச்சின் திருகை இறுக்குகிறார்கள்.