மெகாபிக்சல் போதும், வேகத்தைச் சொல்லுங்கள்

புதிய கேமரா வந்தால் நாம் முதலில் கேட்பது மெகாபிக்சல். அடுத்தது, எந்த ஐஎஸ்ஓ வரை தாங்கும் என்பது. இவ்விரண்டிலும் இனிப் பெரிய பாய்ச்சலை எதிர்பார்ப்பதற்கில்லை.

காரணம் ஒளியின் இயல்பிலேயே இருக்கிறது. ஒரு பிக்சலில் 10,000 ஃபோட்டான்கள் விழுந்தால் இரைச்சல் 100. நூறே விழுந்தால் 10. எண்ணிக்கையின் வர்க்கமூலம்தான் இரைச்சல்; ஆகவே ஒளி குறையக் குறைய அதில் இரைச்சலின் பங்கு கூடுகிறது. இருட்டில் எடுத்த படத்தில் நாம் காணும் புள்ளிகளில் பெரும்பங்கு ஒளிப் பற்றாக்குறையால் வருவது. சென்சாரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. 1976இல் பிரைஸ் பேயர் காப்புரிமை பெற்ற வண்ண வடிப்பான் இன்றும் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கு ஒளியைத் தடுக்கிறது. தடுக்கப்படும் அந்த ஒளி முழுவதும் கிடைத்தாலும் லாபம் ஒன்றரை ஸ்டாப்தான்.

உண்மையான முன்னேற்றம், சென்சாரில் பதிந்ததை வாசித்தெடுக்கும் வேகத்தில் நடக்கிறது. முழுச்சட்டகத்துக்கு, வேகமாக வாசிக்கும் அடுக்கு சென்சாரை 2017இல் சோனி ஆல்ஃபா 9 கொண்டுவந்தது. அத்தகைய வேகத்தை நம்பி 2021இல் நிகான் இசட் 9 இயந்திர ஷட்டரையே கைவிட்டது. 2023 நவம்பரில் அறிவிக்கப்பட்ட ஆல்ஃபா 9 மார்க் 3, குளோபல் ஷட்டரால் எல்லாப் பிக்சல்களையும் ஒரே நேரத்தில் பதிகிறது; 1/80,000 நொடி வரை ஃபிளாஷ் இணைகிறது. இதற்கும் விலை உண்டு. பதிந்ததைச் சேமித்து வைக்க ஒவ்வொரு பிக்சலிலும் இடம் ஒதுக்க வேண்டும். அதனால் இந்தக் கேமராவின் அடிப்படை ஐஎஸ்ஓ 100 அல்ல, 250.

கல்யாண மண்டபத்திலும் மேடையிலும் எல்இடி விளக்குக்கடியில் வேலை செய்யும் நமக்கு ஒரு எச்சரிக்கை: வரிவரியாக வாசிக்கும் சென்சாரில் விழும் பட்டைகளைக் குளோபல் ஷட்டர் போக்கும், விளக்கின் துடிப்பைப் போக்காது. ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் வரலாம்.

உங்கள் கேமராவின் வேகத்தை நீங்களே அளக்கலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடி பல்பு நொடிக்கு 100 முறை துடிக்கும். எலக்ட்ரானிக் ஷட்டரில் 1/1000 நொடி வைத்து, அந்த வெளிச்சம் விழும் வெள்ளைச் சுவரைப் படமெடுங்கள். மேலிருந்து கீழாக ஐந்து கரும்பட்டைகள் தெரிந்தால், வாசிக்க ஆகும் நேரம் ஏறக்குறைய 1/20 நொடி.

பெரும்பாலான நிறுவனங்கள் இந்த எண்ணை விவரப் பட்டியலில் அச்சிடுவதில்லை. அடுத்த கேமரா வாங்கப் போகும்போது விற்பனையாளரிடம் முதலில் இதைக் கேளுங்கள். வாங்குகிறவர்கள் கேட்டால்தான் அது பட்டியலில் ஏறும்.