கறுப்பு ட்யூபைத் திறக்கும் முன்

மழை வானம் வரைந்த படங்களைக் கண்காட்சிகளில் பார்க்கும்போது ஒரே குறை திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. மேகம் கறுத்திருக்கிறது, மழை வரும் என்று மட்டும் தோன்றுவதில்லை. ஐவரி பிளாக்கையும் டைட்டானியம் வொயிட்டையும் கலந்த ஒரே சாம்பல், அகலப் பிரஷைச் சுழற்றிச் சுழற்றித் தேய்த்த தடங்கள், நடுவில் ஒரு மின்னல் வெட்டு. வரைந்தவரின் கைவேகம் தெரிகிறது. அவர் எந்த மேகத்தைப் பார்த்தார் என்பது தெரியவில்லை. மழை வானத்துக்கென்றே ஒதுக்கிய இந்த இதழில் அதைப் பற்றித்தான் பேச வேண்டும். எண்ணெய் வண்ணத்தில் இடிமேகம் எழுத, ஆவேசத்துக்கு முன்னால் பொறுமையான பார்வை வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

இந்த விஷயத்தில் நாம் மறுபடியும் போய் உட்கார வேண்டிய பள்ளி ஜான் கான்ஸ்டபிளுடையது. லண்டனை ஒட்டிய ஹாம்ப்ஸ்டெட் மேட்டில் 1821, 1822 ஆகிய ஆண்டுகளில் அவர் வானத்தை எண்ணெய் வண்ணத்தில் எழுதிக்கொண்டே இருந்தார். 1822 அக்டோபரில் நண்பர் ஜான் ஃபிஷருக்கு எழுதிய கடிதத்தில் ஏறக்குறைய ஐம்பது வான் ஸ்டடிகள் முடித்திருப்பதாகச் சொல்கிறார். பெரும்பாலும் தாளில் எழுதியவை. பலவற்றில் மரமும் கிடையாது, தரையும் கிடையாது. தாளின் பின்பக்கம் தேதி, மணி, எந்தத் திசை நோக்கிப் பார்த்தார், காற்று எப்படி அடித்தது என்று குறித்துவைப்பார். 1822 செப்டம்பர் 5 அன்று நண்பகலில் தென்கிழக்கு நோக்கி எழுதிய ஒரு ஸ்டடியில், காற்று பலமாக இருந்ததையும் மேகங்கள் விரைந்து ஓடியதையும்கூட எழுதிவைத்திருக்கிறார். வானிலை அறிஞர் ஜான் தோர்ன்ஸ் இந்தப் படங்களை அக்கால வானிலைப் பதிவுகளோடு ஒப்பிட்டு ஆராய்ந்து 1999இல் ஒரு நூலே வெளியிட்டார். இந்த அக்கறை கான்ஸ்டபிளுக்குத் திடீரென்று வந்ததில்லை. அவருடைய தந்தை ஆலைகளின் சொந்தக்காரர். இளம் வயதில் மகனும் காற்றாலையில் வேலை பார்த்தவர். காற்று மாறுவதைக் கவனிக்கத் தவறினால் அந்தத் தொழிலில் நஷ்டம்தான்.

மேகத்துக்கு உடற்கூறு உண்டு. மனித உருவம் வரைய எலும்பையும் தசையையும் படிக்கிறோம்; மேகத்தை அப்படிப் படிப்பவர்கள் நம்மில் குறைவு. மேலெழும் காற்று குளிர்ந்து, ஏறத்தாழ ஒரே உயரத்தில் நீர்த்துளிகளாக மாறத் தொடங்குகிறது. திரள்மேகங்களின் அடி தட்டையாக இருப்பதற்கு அதுவே காரணம். பக்கத்து மேகங்களின் அடியும் அநேகமாக அதே உயரத்தில் இருப்பதால், தொலைவு கூடக் கூட அவை குறுகி, நெருங்கி, தொடுவானத்தை நோக்கி இறங்கும். நீண்ட கூடத்தின் உத்திரங்களை ஒரு கோடியில் நின்று பார்ப்பது போல. இதை ஒழுங்காகப் போட்டுவிட்டால் வானம் சுவராக நிற்காமல் நம் தலைக்கு மேல் வந்துவிடும். பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர் ஜேக்கப் வான் ரூயிஸ்டால், ஹார்லம் ஊர்க்காட்சிகளில் தொடுவானத்தை அவ்வளவு கீழே இறக்கியதும் இந்த ஆழத்துக்கு இடம் கொடுக்கத்தான் என்று நினைக்கிறேன்.

விளிம்புகளுக்கும் காரணம் உண்டு. வளர்ந்துகொண்டிருக்கும் இடிமேகத்தின் உச்சி நீர்த்துளிகளால் ஆனது. அதனால் புடைப்புகள் கத்தரித்த மாதிரிக் கூர்மையாக இருக்கும். இன்னும் மேலேறிப் பனிப்படிகமாக மாறியதும் அதே உச்சி நார்நாராகப் பிரிந்து, பக்கவாட்டில் பரவி மங்கிவிடும். ஃபேன் பிரஷை எடுத்து எல்லா விளிம்பையும் ஒரே பதத்தில் மென்மையாக்கும்போது, மேகம் வளர்கிறதா கலைகிறதா என்ற செய்தியையே அழித்துவிடுகிறோம். மாணவர்களிடம் அந்த பிரஷைச் சில மாதங்களுக்காவது ஒளித்துவைக்கச் சொல்வேன்.

இனி கறுப்புக்கு வருவோம். மேகம் கவிந்த நேரத்தில் ஒரு கறுப்பு அட்டைத் துண்டைக் கை நீட்டி வானத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கன்னங்கரேல் என்று நினைத்த மேகம் அட்டைக்குப் பக்கத்தில் எவ்வளவு வெளிச்சமாக இருக்கிறது என்று தெரியும். படத்தின் மிகக் கரிய டோன் பெரும்பாலும் தரையில்தான் இருக்கிறது, மரத்தடியிலோ கரையோரத்திலோ. அதை முதலில் போட்டுவிட்டால் மேகத்தை எந்த அளவில் நிறுத்த வேண்டும் என்பது தானாகவே தெளியும். முகிலின் இடுக்கு வழியாக வெயில் தரையில் விழும்போது மட்டும் கணக்கு தலைகீழாகும். அப்போது வெள்ளைச் சுவரும் பசும்புல்லும் மேகத்தைவிடப் பிரகாசமாகிவிடும். எல் கிரெக்கோ 1600ஐ ஒட்டி எழுதிய டொலேடோ நகரக் காட்சியின் அச்சம் இந்தத் தலைகீழ்க் கணக்கிலிருந்து பிறப்பது.

சாம்பலை ட்யூபிலிருந்து பிதுக்குவதைவிடக் கலந்து எடுப்பது நல்லது. அல்ட்ராமரின் நீலத்தோடு பர்ன்ட் சியன்னா, அல்லது அல்ட்ராமரினோடு லைட் ரெட். ஒரே டோனில், ஒன்று குளிர்ந்ததும் ஒன்று வெதுவெதுப்பானதுமாக இரண்டு குவியல்கள் பேலட்டில் இருக்கட்டும். நீல வானத் திறப்பைப் பார்த்திருக்கும் பக்கத்துக்கு முதலாவது. வெயில் பட்ட தரையின் எதிரொளி வாங்கும் அடிப்பக்கத்துக்கு இரண்டாவது. இரண்டையும் அருகருகே வைத்துவிட்டுக் குழைக்காமல் கையை எடுக்க வேண்டும். டைட்டானியம் வொயிட்டிடம் எச்சரிக்கை தேவை. கான்ஸ்டபிள் கையில் இருந்தது ஈய வெள்ளை. நாம் பயன்படுத்தும் டைட்டானியம் அதைவிட வலுவானது. கொஞ்சம் கூடினாலும் கலவை சுண்ணாம்புத்தனமாகி உறைந்துவிடும். நச்சுள்ள ஈயத்துக்குத் திரும்ப வேண்டியதில்லை. வெள்ளையில் ஒரு துளி யெல்லோ ஓக்கர் சேர்த்தாலே போதும். இருண்ட பகுதிகள் மெலிதாக, எண்ணெய் குறைவாக முதலில்; வெளிச்சங்கள் தடிப்பாக அதன் மேல்.

இவ்வளவு கட்டுப்பாட்டுக்குப் பிறகு வேகம் வந்தால் அது எப்படி இருக்கும் என்பதற்கு, லண்டன் ராயல் அகாடமியில் உள்ள கான்ஸ்டபிளின் சிறிய கடல் ஸ்டடி ஒன்றைச் சொல்லலாம். மனைவி மரியாவின் காசநோய்க்குக் கடற்காற்று நல்லதென்று 1824 முதல் குடும்பத்தோடு பிரைட்டனுக்குப் போய்வந்த காலத்தது. ஒரு முழ அகலம்கூட இல்லாத தாள். கடலின் மேல் பெய்யும் மழையை, ஈர வண்ணத்தின் மேலேயே கரிய வண்ணத்தை மேலிருந்து கீழே இழுத்து இழுத்துப் போட்டிருக்கிறார். இன்று எழுதியதோ என்று தோன்றும். ஆனால் மழைத்தாரைகளின் சாய்வைப் பாருங்கள். ஹாம்ப்ஸ்டெட்டில் பார்த்துப் பார்த்துப் பழகிய கண் அதில் வேலை செய்கிறது. மரியா 1828இல் இறந்தார். அடுத்த ஆண்டு காட்சிக்கு வைத்த ஹாட்லி கோட்டை ஓவியத்தின் கலங்கிய வானத்தில் அந்தத் துக்கத்தைக் காண்பவர்கள் பலர். நானும் காண்கிறேன். அந்தத் துக்கத்தைச் சொல்ல அவரிடம் ஏற்கெனவே ஒரு மொழி தயாராக இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அவருடைய முறையை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய சாம்பல் நிறத்தை வேண்டாம். வெப்பமண்டலத்து இடிமேகம் 15 கிலோமீட்டரையும் தாண்டி வளரக்கூடியது. வெயிலும் செங்குத்தாக விழுவதால் உச்சிக்கும் அடிக்கும் உள்ள டோன் வித்தியாசம் இங்கே அதிகம். இங்கிலாந்தின் தாழ்ந்த வெயிலுக்குக் கலந்த வண்ணம் ஐப்பசி மாதத்து வங்கக் கடற்கரைக்குப் பொருந்தாது. கைபேசிப் படத்தையும் நம்ப முடியாது. இன்றைய கேமராக்கள் வானத்தையும் தரையையும் சமன்படுத்தி, ஒவ்வொரு முகில் மடிப்பையும் ஒரே அளவு கூர்மையாக்கித் தருகின்றன. எந்த விளிம்பு கரைய வேண்டும் என்ற முடிவை அந்தக் கருவி நமக்கு முன்பே தவறாக எடுத்துவிடுகிறது.

அடுத்த இதழிலிருந்து வான் ஸ்டடிகளுக்குச் சில பக்கங்கள் ஒதுக்குகிறோம். நேரில் பார்த்து, ஒரே அமர்வில் எழுதியவையாக இருக்கட்டும். பாதியில் மழை வந்து நிறுத்தியதையும் அனுப்பலாம். தாளில் எழுதுவதானால் முதலில் ஜெசோ பூசிக்கொள்ளுங்கள். எண்ணெய் நேராக இறங்கினால் தாள் நாளடைவில் பழுத்து நொறுங்கும். பின்பக்கத்தில் தேதி, மணி, திசை, காற்று நான்கையும் பென்சிலால் குறித்திருக்க வேண்டும். படத்தின் பக்கத்திலேயே அந்தப் பின்பக்கத்தையும் அச்சிடுவோம்.