தொட்டால் ஒட்டுமா?

கைக்குழந்தையோடு வந்திருந்தாள் அந்தப் பெண். ஆனால் குழந்தை இருந்தது மாமியார் மடியில்! பெண்ணின் முழங்கையிலும் முழங்காலிலும் சிவந்த தடிப்புகள். மேலே வெள்ளி நிறத்தில் செதில்.

"தட்டு, டம்ளர், பாய் எல்லாம் தனியா வெச்சிருக்கோம் டாக்டரம்மா. பால் குடிக்க மட்டும்தான் பிள்ளையை அவகிட்ட விடறேன். ஒட்டிக்கக் கூடாதில்லே?" என்றார் மாமியார். பெண் தலை நிமிரவேயில்லை.

சகோதரிகளே, இது சோரியாசிஸ். ஒட்டுவாரொட்டி நோயே அல்ல. அழுக்கால் வருவதும் அல்ல. பின்னே எதனால்?

நம் ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள் கிருமிகளை எதிர்க்கும் காவல்காரர்கள். அவற்றில் 'டி' அணுக்கள் என்று ஒரு வகை. சோரியாசிஸ் உள்ளவர்களுக்கு இவை, திருடனே நுழையாத வீட்டில் 'திருடன், திருடன்' என்று கூச்சல் போடுகின்றன. தோலுக்குள் கூடி, இன்டர்லூகின்-17 போன்ற பொருள்களைச் சுரக்கின்றன. உடனே தோல் அவசர அவசரமாக வளர்கிறது. சாதாரணமாக, அடியில் உண்டாகும் தோல் அணு மேலே வந்து உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். இங்கே ஒரு வாரத்துக்குள் வந்துவிடும். முற்றாத அந்த அணுக்கள் அடுக்கடுக்காகச் சேர்வதுதான் செதில்.

இது புலப்பட்டது தற்செயலாகத்தான். மூட்டு நோய்க்கு சைக்ளோஸ்போரின் மருந்து சாப்பிட்ட சிலருக்குச் சோரியாசிஸும் மறைந்ததாக 1979-ல் செய்தி வெளியானது. அது 'டி' அணுக்களை அடக்கும் மருந்து! இன்றோ இன்டர்லூகின்-17-ஐ மட்டும் தடுக்கும் ஊசிகளே வந்துவிட்டன. ஆனால் எல்லோருக்கும் ஊசி வேண்டாம்; லேசாக இருந்தால் களிம்பே போதும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை:

* குளித்த ஈரம் முழுதும் காயுமுன் தேங்காயெண்ணெய் தடவுங்கள்.

* செதிலைச் சுரண்டாதீர்கள். காயம்பட்ட இடத்தில் புதுத் தடிப்பு கிளம்பலாம்.

* மருந்துக் கடையில் கேட்டு ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிச் சாப்பிடாதீர்கள். நிறுத்தியதும் நோய் சீறிக்கொண்டு திரும்பும்.

* மூட்டு வலியோ, காலையில் விறைப்போ இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

* பால் கொடுப்பவர்கள் மருந்து எழுதுமுன்பே அதைச் சொல்லிவிடுங்கள்.

"பரம்பரையா வருமா?" என்றார் மாமியார்.

"சில குடும்பங்களில் வரலாம். ஆனால் தொடுவதால் வரவே வராது."

கொஞ்சம் யோசித்தார். "அப்போ பிள்ளையை அவகிட்டேயே கொடுத்துடலாமா?"

"முதலில் அதைச் செய்யுங்கள். மருந்துச் சீட்டு அப்புறம் எழுதுகிறேன்" என்றேன்.