அட்டையில் ஒரு கிழவி

தமிழில் சிறுபத்திரிகை நடத்துகிறவர்களுக்குப் பணம் இல்லை, விளம்பரம் இல்லை, வாசகர்களும் அநேகமாக இல்லை. ஆனால் ஒரு கிழவி மட்டும் எப்படியோ கிடைத்துவிடுகிறாள். கறுப்பு வெள்ளையில், பக்கவாட்டு வெளிச்சத்தில், முகம் பூராவும் சுருக்கங்களோடு, பாம்படம் போட்டுத் தொங்கிப்போன காதுகளோடு அவள் அட்டையில் வந்து உட்கார்ந்துவிடுகிறாள். உள்ளே புரட்டினால் படம் எடுத்தவர் பெயர் இருக்கும். அச்சகத்தின் பெயர் இருக்கும். கிழவியின் பெயர் இருக்காது. அவள் எந்த ஊர், அது எந்த வருஷம், எதைப் பார்த்து அப்படி விழிக்கிறாள் — எதுவும் இருக்காது.

கேட்டால் ஒரு பதில் தயாராக இருக்கிறது. கலை என்பது தகவல் அல்ல, நல்ல புகைப்படம் நல்ல கவிதை மாதிரி, அதற்குக் குறிப்புரை தேவையில்லை, தானே பேசும். நம் வட்டத்து நண்பர்கள் பலர் இதை வேதவாக்காகவே வைத்திருக்கிறார்கள். இது பிசகு என்பதோடு, சௌகரியமான பிசகு என்பதும் என் கட்சி.

கவிதையில் வரும் கிழவியைக் கவிஞன் சொற்களால் சிருஷ்டிக்கிறான். அந்தக் கவிதைக்கு வெளியே அவளுக்கு வயிறு கிடையாது. புகைப்படத்துக் கிழவி அப்படியல்ல. காமிராவுக்கு முன்னால் ஒரு நாள் நிஜமாகவே உட்கார்ந்திருந்தவள். அவள்மேல் பட்ட வெளிச்சம்தான் பதிவாகியிருக்கிறது. 'இது இருந்தது' என்ற இந்தச் சாட்சிபலம் ஓவியத்துக்கு இல்லை, கவிதைக்கு இல்லை. ரோலான் பார்த் 1980-ல் எழுதிய புத்தகம் சுற்றிச்சுற்றி வந்து சேருவதும் இந்த இடத்துக்குத்தான். சாட்சிபலத்தை முழுக்க வாங்கிக்கொண்டு, சாட்சிக்குரிய கடமையை மட்டும் கலையின் சுயாதீனம் என்று சொல்லித் தட்டிக்கழிப்பது என்ன நியாயம்? நான் வேலை பார்க்கும் தொழிலில் இதற்கு வேறு பெயர் உண்டு.

உலகத்திலேயே அதிகம் அச்சான முகங்களில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1936 மார்ச்சில் கலிபோர்னியாவின் நிப்போமோ என்ற ஊரில், பட்டாணி பறிக்க வந்து வேலையில்லாமல் முடங்கிக் கிடந்தவர்களின் முகாமில், டாரதியா லாங்கே ஒரு பெண்ணைப் படம் எடுத்தார். கன்னத்தில் விரல், இரு தோள்களிலும் முகத்தைத் திருப்பிக்கொண்ட குழந்தைகள். 'இடம்பெயர்ந்த தாய்' என்று உலகம் அதற்குப் பெயர் வைத்தது. லாங்கே வயதைக் கேட்டுக் குறித்துக்கொண்டார், முப்பத்திரண்டு. பெயரைக் கேட்கவில்லை. படம் பத்திரிகையில் வந்ததும் அரசாங்கம் அந்த முகாமுக்கு 20,000 பவுண்டு உணவுப்பொருள் அனுப்பியது. அதற்குள் அந்தக் குடும்பம் அங்கிருந்து போய்விட்டிருந்தது.

பெயர் வெளியே வர 1978 ஆயிற்று. ஃபிளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்ஸன். அந்தப் படத்தை எடுக்காமலே இருந்திருக்கலாம் என்று அவர் சொன்னார். அதில் அவருக்கு ஒரு காசு கிடைக்கவில்லை. அரசாங்க வேலைக்காக எடுத்த படம் என்பதால் லாங்கேவுக்கும் ராயல்டி கிடையாது, அதையும் சொல்லிவிடவேண்டும். 1983-ல் தாம்ஸன் நோயில் விழுந்தபோது குடும்பத்தார் பொதுமக்களிடம் கையேந்தினார்கள். அந்த வருஷமே இறந்தார். 1998-ல் அமெரிக்கத் தபால்துறை அந்தப் படத்தை 32 சென்ட் தபால்தலையாகப் போட்டது.

இது நன்றிகெட்டதனத்தைப் பற்றிய கதையாக மட்டும் இருந்தால் நான் இங்கே எழுதவேண்டியதில்லை. விமர்சகனுக்கு இதில் வேறொரு விஷயம் இருக்கிறது. தாம்ஸன் செரோக்கி இனத்தவர். 1903-ல், பின்னால் ஓக்லஹோமா ஆகிவிட்ட இந்தியன் டெரிட்டரியில் பிறந்தவர். 1838-ல் ராணுவத்தை வைத்துச் சொந்த மண்ணிலிருந்து விரட்டப்பட்ட ஜனங்களின் வம்சம். பெயர் தெரியாத வரையில் அமெரிக்கா அந்த முகத்தில் தன் சொந்த வெள்ளைக் குடியானவத் தாயை, ஒரு மேரி மாதாவைப் பார்த்து உருகியது. பெயரும் பிறப்பும் படத்தோடு வந்திருந்தால், இவள் நிலம் எங்கே போயிற்று, யார் பிடுங்கியது என்ற கேள்வியும் கூடவே வந்திருக்கும். பெயர் படத்துக்கு வெளியே தொங்கும் உபரித் தகவல் என்கிறவர்கள் இதற்கு என்ன சொல்லப்போகிறார்கள்? படத்தின் அர்த்தமே இங்கே மாறுகிறதே. அந்தப் படம் தானாகவே பேசியது, உண்மைதான். பார்த்தவன் கேட்க விரும்பியதைப் பேசியது.

நம் பக்கத்து உதாரணம் இதைவிடக் கொடியது. தாது வருஷப் பஞ்சத்தின்போது (1876–78) சென்னை ராஜதானியில் வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி படங்கள் எடுத்தார். எலும்பாகிப் போனவர்களைக் குழுக்குழுவாக அமர்த்தி, குடும்பப் படத்துக்குச் செய்வதுபோல ஒழுங்கு பண்ணி எடுத்தவை. அமைப்பில் குறை சொல்ல முடியாது. அதே பஞ்சத்தில், 1877-ல், ரிச்சர்டு டெம்பிள் நிவாரண வேலை செய்யும் ஆண் ஒருவனுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று கூலியைக் குறைத்தார். அந்த விலா எலும்புகளுக்கும் இந்தக் கணக்குக்கும் உள்ள உறவு ஹூப்பரின் படத்தில் எங்கே தெரிகிறது? தெரியாது. அதனால்தான் அதைப் பார்க்கிறவன் மழை பொய்த்தது, பாவம் என்று பெருமூச்சு விட்டுவிட்டு நகர்கிறான். 1886-ல் மாண்டலேயில் பர்மியர்களைச் சுட்டுக்கொல்லும் கணத்தைப் படம் பிடிக்க முயன்றதாக இதே ஹூப்பர்மேல் விசாரணை நடந்தது. நேர்த்திக்கும் நியாயத்துக்கும் எந்த ஒப்பந்தமும் கிடையாது என்பதற்கு இவரைவிட நல்ல அத்தாட்சி வேண்டியதில்லை.

இதற்கு எதிர்க்கோடியில் ஒன்று. 1943 ஆகஸ்ட் 22 அன்று கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகை, தெருவில் பட்டினியால் செத்துக்கொண்டிருந்தவர்களின் படங்களை வெளியிட்டது. ஆசிரியர் இயன் ஸ்டீபன்ஸ், ஆங்கிலேயர். பஞ்சம் என்று பிரகடனம் செய்ய அரசாங்கம் மறுத்துக்கொண்டிருந்த நேரம். அங்கேயும் செத்தவர்களின் பெயர் இல்லை. ஆனால் ஊர் இருந்தது, தேதி இருந்தது, அரசாங்கத்தைக் குற்றக்கூண்டில் ஏற்றும் தலையங்கங்கள் இருந்தன. அந்தப் படங்களுக்கு விலாசம் இருந்தது. மூடிமறைத்தது உடைந்தது.

பெயர் கிடைக்காத சந்தர்ப்பம் உண்டே என்பார்கள். உண்டு. 1984 டிசம்பரில் போபாலில் மண் மூடிக்கொண்டிருந்த குழந்தையின் முகத்தை ரகு ராய் எடுத்தார். பாப்லோ பார்த்தலோமியூவும் எடுத்தார். அடையாளம் தெரியாத குழந்தை என்றே அது அறியப்படுகிறது. அங்கே பெயரின்மையே குற்றப்பத்திரிகையின் முதல் வரி. ஊர் தெரியும், இரவு தெரியும், கம்பெனி தெரியும். நம் அட்டைக் கிழவியின் பெயரின்மை அந்த ஜாதியைச் சேர்ந்ததா? அவள் பெயரைத் தெரிந்துகொள்ள, "ஆத்தா, உன் பேரென்ன?" என்று ஒரு வாய் கேட்டிருந்தால் போதும்.

இன்னொரு கோஷ்டி இருக்கிறது. உண்மை இருந்தால் போதும், கலை எதற்கு என்கிறவர்கள். அவர்களோடும் எனக்கு ஒப்புதல் இல்லை. லாங்கே தூரத்திலிருந்து கூடாரத்தோடு சேர்த்து எடுத்த படங்களும் இருக்கின்றன. நெருங்கி நெருங்கிப் போய், கூடாரத்தைச் சட்டத்துக்கு வெளியே தள்ளிய பிறகு கிடைத்த படம்தான் ஜனங்களை நிறுத்திப் பார்க்க வைத்தது. பார்க்க வைப்பது கலையின் காரியம். பார்த்தவனைத் தப்பவிடாமல் பிடித்துக்கொள்வது விலாசத்தின் காரியம். ஒன்றை வைத்து மற்றதைக் கழிக்க முடியாது.

புகைப்படங்கள் மனசாட்சியை மரக்கச் செய்கின்றன என்று 1977-ல் சூஸன் சொன்டாக் எழுதியதை நம்மவர்கள் மேற்கோள் காட்டுவதுண்டு. 2003-ல் அவரே அந்த முடிவைச் சந்தேகித்து இன்னொரு புத்தகம் எழுதினார் என்பது இங்கே வந்துசேரவில்லை போலிருக்கிறது. மரத்துப்போவதற்குப் படங்களின் எண்ணிக்கையைக் காரணம் சொல்வதைவிட, அவை எங்கிருந்து வந்தன என்றே தெரியாமல் குவிவதைச் சொல்லலாம். இன்று ஆளுக்கொரு காமிரா சட்டைப்பையில் இருக்கிறது. எந்த ஊர் வெள்ளம், எந்த வருஷத்துப் பிணம் என்று தெரியாத படங்கள் கைக்குக் கை மாறுகின்றன. போன வருஷத்துச் சாவை இந்த வருஷத்துக் கலவரத்துக்கு ஆதாரம் காட்டலாம். கலைஞன் எதைச் சுதந்திரம் என்றானோ, அதுவே வதந்திக்காரனுக்கு மூலதனம்.

பாங்கு கவுண்டரில் தினமும் பாஸ்போர்ட் அளவுப் படங்களைப் படிவத்தில் ஒட்டுகிறேன். கண்றாவியான படங்கள். ஸ்டூடியோவின் நீலத் துணி, முகத்தில் அறைந்த வெளிச்சம், விறைத்த கழுத்து. ஆனால் பக்கத்திலேயே பெயர், தகப்பன் பெயர், ஊர், கைநாட்டு. நவம்பரில் பென்ஷன்காரக் கிழவிகள் தாங்கள் உயிரோடிருப்பதைச் சொல்ல வருகிறார்கள். அந்த முகங்களை அப்படியே அட்டையில் போடலாம். அவ்வளவு சுருக்கம், அவ்வளவு வெளிச்சம். ஆனால் அவர்களில் ஒருத்தியும் பெயரில்லாத முகமாக இருக்கச் சம்மதிக்கமாட்டாள். தன் இனிஷியல் தப்பாக விழுந்தால் சண்டைக்கு வருகிறவள் அவள். அவளுடைய அந்தச் சண்டையை ஒரு படம் பிடித்துக் காட்டட்டும், நான் கலை என்று ஒப்புக்கொள்கிறேன்.

அதுவரை ஒரு யோசனை. இந்தப் பத்திரிகையின் ஆசிரியருக்கும் சேர்த்தேதான். அடுத்த இதழின் அட்டையில் ஒரு முகம் வருமானால், அதன் கீழே பெயர், ஊர், வருஷம் மூன்றும் வரட்டும். கிடைக்கவில்லை என்றால் ஏன் கிடைக்கவில்லை என்று ஒரு வரி வரட்டும். அதுவும் முடியாதென்றால் அட்டையை வெள்ளையாக விட்டுவிடுங்கள். மையாவது மிச்சமாகும்.