வெண்பனி கூறும் சாட்சியம்

கர்ப்பூரம் உருகாமலே காற்றிற் கலந்து மறைவதை நாம் அறிவோம். திண்மம் திரவமாகாது ஆவியாகும் இச்செயலைப் பதங்கமாதல் என்பர். கிறீன்லாந்தின் வெண்பனியும் கோடை வெயிலில் இவ்வாறே தேய்கின்றது.

நீரின் மூலக்கூறுகள் யாவும் ஒரே நிறையின அல்ல. ஏறக்குறைய 500இல் ஒன்று ஒட்சிசன் 18 என்னும் பாரமான சமதானியைக் கொண்டது. குளிர் மிகுந்த காலத்துப் பனியில் இப்பாரநீர் குறைவு. வெப்பம் கூடிய காலத்தில் அதிகம். இதனை 1964இல் டென்மார்க்கு நாட்டறிஞர் வில்லி டான்ஸ்கார்ட் விரிவாக விளக்கினார். இம்முறையைக் கொண்டே, அந்தாட்டிக்காவின் பனிப்படைகளைத் துளைத்தெடுத்து, 8 இலட்சம் ஆண்டுகளின் வெப்பநிலையைக் கணித்துள்ளனர்.

ஆனால், விழுந்த பனி விழுந்தபடியே கிடக்கின்றதா? பதங்கமாகுங்கால் பனி படைபடையாக நீங்கும், பாரமும் இலேசும் ஒருங்கே செல்லும் என நெடுங்காலம் கருதினர். கிறீன்லாந்துப் பனிமேட்டில் அண்மையில் எடுத்த அளவைகளும் ஆய்வுகூடச் சோதனைகளும் வேறு கூறுகின்றன. இலேசான மூலக்கூறுகள் முந்திச் செல்ல, பாரமானவை மேற்படையில் மிகுகின்றன. இரவிற் காற்றின் ஈரம் உறைந்து படிவதாலும் அம்மேற்படை மாறுகின்றது.

எனவே, பெய்த நாளின் குளிரை மட்டுமன்றிப் பின்னர்ப் பட்ட வெயிலையும் காற்றையும் பனி பதித்து வைக்கின்றது. இதனைக் கவனியாவிடின், பழங்காலத்தை உள்ளதினும் வெப்பமானதெனக் கணிக்க நேரலாம்.

மாணவர்களே, சாட்சி பொய் சொல்லவில்லை. ஆயினும், அதன் சொல்லை ஏற்குமுன் அதற்கு இடையில் நேர்ந்ததையும் விசாரித்தல் வேண்டும். விஞ்ஞானத்தின் நேர்மை அதுவே.